அலுமாரிக்குள் முடிந்துபோன பேச்சு

கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரை அறைத்தோழிகளோடு சேர்ந்து பார்த்து முடித்திருக்கிறீர்கள். கீரா நெரிஸ் என்றால் உங்களுக்கு உயிர். ஆறாவது சீசனில் அவள் ஓடோவோடு சேர்ந்ததும் அறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. "காதலைக் கொடுத்து அவளை மழுங்கடித்துவிட்டார்கள்" என்கிறது ஒரு பக்கம். "அவ்வளவு காலம் போராடியவளுக்கு ஒரு துணை கிடைக்கக்கூடாதா?" என்கிறது மறுபக்கம். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவள் சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று எனக்கே புரியவில்லை." உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் 26 ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு நாடகமும் அரங்கியலும் கற்பித்து ஓய்வு பெற்றவள். தொலைக்காட்சித் தொடர் எழுதும் தொழிலை உள்ளே இருந்து பார்த்தவள் அல்லள். ஒரு பாத்திரத்தை மேடையில் நிறுத்தி, இவள் ஏன் இப்போது எழுகிறாள், ஏன் கதவுப் பக்கம் போகிறாள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகியவள். என் பதிலின் எடை அவ்வளவுதான். இந்தத் தொடர் 1993 ஜனவரியில் அமெரிக்காவில் தொடங்கியபோது எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட காலம். ஏ9 பாதை திறந்த பிறகு ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணன் மகன் ஏழு சீசன்களின் இறுவட்டுகளையும் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு வந்தான். "மாமி, இதில் ஒரு பெண் வருகிறாள். உங்களைப் போலவே எடுத்ததற்கெல்லாம் கோபம்" என்று சொல்லிக் கொடுத்தான். கோபம் வரத்தான் செய்தது. ஆனாலும் ஏழு சீசனையும் பார்த்தேன். பிறகு இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

தொடரைப் பார்க்காமல் இதை வாசிப்பவர்களுக்காக நாலு வரி. பேஜோர் என்ற கிரகத்தைக் கார்டாசியர்கள் ஏறக்குறைய 50 ஆண்டுகள் பிடித்து வைத்திருந்தார்கள். கீரா சிறுமியாக இருந்தபோதே எதிர்ப்புப் படையில் சேர்ந்தவள். ஆக்கிரமிப்பு முடிந்ததும், அவர்கள் கட்டிவிட்டுப் போன விண்நிலையத்தில் இரண்டாம் நிலைத் தளபதி ஆகிறாள். அதே நிலையத்தில் காவல் பொறுப்பு ஓடோவிடம். அவன் எந்த உருவமும் எடுக்கக்கூடிய, இயல்பில் திரவமாக இருக்கிற ஓர் உயிர். கார்டாசியர் ஆண்டபோதும் காவல் அவன் கையில்தான் இருந்தது, பேஜோரியரிடம் வந்த பிறகும் அவன் கையில்தான் இருக்கிறது. ஆட்சி மாறினாலும் கதிரை மாறாத அலுவலர்களை எங்கள் ஊரும் கண்டிருக்கிறது. அவர்களில் நேர்மையானவர்களும் இருந்தார்கள், அதனால்தான் அவர்களை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஓடோ அப்படி ஒருவன்.

இனி எரிச்சலுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நல்லூர்ப் பக்கம் ஒரு கலியாண மண்டபத்தில் பந்திக்காகக் காத்திருந்தேன். மணப்பெண் ஒரு காலத்தில் இயக்கத்தில் இருந்தவள். கழுத்தோடு வெட்டியிருந்த முடி இடுப்புவரை வளர்ந்திருந்தது. கூறைச்சேலையில் தலை குனிந்து இருந்தாள். எனக்கு முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரின் காதில், "நல்ல காலம், பிள்ளை அடங்கிவிட்டாள்" என்றார். வாழ்த்தாகத்தான் சொன்னார், மனதில் ஒரு கள்ளமும் இல்லை. எனக்குத்தான் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. மணமேடையில் இருந்த பெண் அடங்கியிருந்தாளா, களைத்திருந்தாளா, சந்தோசமாக இருந்தாளா என்று அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஊருக்கு ஒரு கதை முடிந்துவிட்டது. உங்கள் அறையில் ஒரு பக்கம் "மழுங்கிவிட்டாள்" என்று வருந்துகிறது. அந்த அம்மா "அடங்கிவிட்டாள்" என்று மகிழ்ந்தார். வருத்தமும் மகிழ்ச்சியும் எதிரெதிராக இருந்தாலும் இரண்டு பேரும் பார்த்தது ஒரே கதையைத்தான்: பெண்ணுக்குக் காதல் வந்தால் அவளுடைய சண்டை முடிகிறது. உங்களுக்கு வருகிற எரிச்சல் கீரா மீது அல்ல, இந்தக் கதை மீது என்று நினைக்கிறேன். கேட்டுக் கேட்டு அலுத்த கதை அது.

கீராவின் விடயத்தில் அந்தக் கதை பொருந்துகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குத் தொடருக்குள் போய்ப் பார்க்க வேண்டும். வகுப்பில் நான் செய்யும் வேலை ஒன்று உண்டு. நாடகப் பிரதியைக் கையில் கொடுத்து, ஒரு பாத்திரம் தானாக எதையாவது தொடங்கினால், மறுத்தால், முடிவெடுத்தால் அந்த வரியில் சிவப்புப் பென்சிலால் கோடு போடச் சொல்வேன். அவளுக்கு ஏதாவது நேர்ந்தால், அவளைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுத்தால் நீலம். அழுகை, சிரிப்பு, வீரவசனம் எதற்கும் கோடு கிடையாது. எங்கள் காத்தவராயன் சிந்துநடைக் கூத்தில் இதைச் செய்து பார்த்தால் ஆரியமாலையின் பக்கங்கள் பெரும்பாலும் நீலமாக வரும். காத்தவராயன் அவளுக்காக வேடம் போடுகிறான், தாயோடு வாதாடுகிறான், கழுமரம் ஏறுகிறான். பாட்டுகள் எல்லாம் அவளைப் பற்றியவை, செயல்கள் எல்லாம் அவனுடையவை. விடிய விடியப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது அவள் முகம் நினைவில் நிற்கும், அவள் செய்தது ஒன்றும் நிற்காது. காதல் ஒரு பெண் பாத்திரத்தைக் கெடுக்கிறது என்று சொல்பவர்கள் உண்மையில் சொல்ல வருவது இந்த நீலத்தைத்தான்.

கீராவுக்கு ஓடோவுக்கு முன்பே இரண்டு காதல்கள் இருந்தன, அவற்றை உங்கள் தோழிகள் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. பரைல் ஒரு சமயத் தலைவர், மூன்றாவது சீசனில் இறந்துபோகிறார். ஷகார் அவளுடைய பழைய படைத்தலைவன், பிறகு பேஜோரின் முதலமைச்சர் ஆகிறான். பரைல் எனக்குச் சலிப்பூட்டினார். பார்ப்பதற்கு நல்ல மனிதர், அவ்வளவுதான். ஷகார் அதிலும் மெல்லியவன். ஆனால் இந்த இரண்டு உறவுகளாலும் கீராவின் சிவப்புக் கோடுகள் குறையவில்லை. அதே காலத்தில் அவள் சண்டை போட்டாள், தவறு செய்தாள், கடவுளைக் கும்பிட்டாள், தன்னைக் கார்டாசியப் பெண்ணாக உருமாற்றியவர்களிடமிருந்து தப்பி வந்தாள். 1996இல் கீராவாக நடித்த நானா விசிட்டர் உண்மையிலேயே கர்ப்பமானபோது எழுத்தாளர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அவசரமாக ஒரு காதலனைக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. விபத்தில் சிக்கிய தோழியின் கருவைக் கீராவின் வயிற்றுக்கு மாற்றியதாகக் கதை அமைத்தார்கள். பிறர் பிள்ளையைச் சுமந்துகொண்டு அவள் நிலையத்தை நடத்தினாள். வயிற்றில் பிள்ளை இருக்கும் ஒரு பெண்ணின் கதையைக் காதலனைக் காரணம் காட்டாமலே நகர்த்தத் தெரிந்தவர்கள் அவர்கள். ஆகவே "இந்தத் தொடருக்குப் பெண்ணை எழுதத் தெரியாது" என்ற வாதம் நிற்காது.

இன்னொன்றும் உறுதியாகத் தெரிந்தது. ஆக்கிரமிப்பின்போது நிலையத்தை ஆண்ட கார்டாசியத் தளபதி டுகாட்டுக்கும் கீராவுக்கும் இடையில் ஏதாவது வளர்க்கலாமா என்ற யோசனை எழுத்தாளர்களிடம் இருந்தது. நானா விசிட்டர் முடியவே முடியாது என்று நின்றார். அந்த ஈர்ப்பு கடைசியில் கீராவின் தாயின் கதையாக மாறியது. தாய் டுகாட்டின் துணைவியாக வாழ்ந்தாள் என்பதை மகள் கண்டுபிடிக்கிறாள், மன்னிக்கவும் முடியாமல் வெறுக்கவும் முடியாமல் நிற்கிறாள். நடிகை விட்டுக்கொடுத்திருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் ஒரே வரியில் முடிந்திருக்கும்: ஆம், கெடுத்துவிட்டது. காதல் எப்போதும் தீங்கற்றது என்று நான் சொல்ல வரவில்லை. யாரோடு, எந்தக் கடனை வைத்துக்கொண்டு என்பதையும் பார்க்க வேண்டும்.

கடன் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். கீராவுக்கும் ஓடோவுக்கும் இடையில் முதலில் இருந்தது கடன்தான். இரண்டாவது சீசனில் ஒரு கதை. ஆக்கிரமிப்புக் காலத்தில் நிலையத்தில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவனின் கொலையை ஓடோ விசாரித்திருந்தான். பல ஆண்டுகள் கழித்து, கொன்றவள் கீரா என்பது தெரியவருகிறது. இத்தனை காலமும் அவள் அவனிடம் அதை மறைத்திருக்கிறாள். முன்பு போல என்னை நம்ப முடியுமா என்று அவள் கேட்கிறாள். ஓடோ பதில் சொல்லவில்லை. அத்தியாயம் அங்கேயே முடிகிறது. ஐந்தாவது சீசனில் இதன் மறுபுறம் வருகிறது. கார்டாசியரின் கீழ் வேலை செய்தபோது, சரியாக விசாரிக்காமல் மூன்று அப்பாவிப் பேஜோரியர்களை மரணதண்டனைக்கு விட்டவன் ஓடோ. கீரா அவனிடம், வேறு அப்பாவிகளும் இருந்தார்களா என்று கேட்கிறாள். இல்லை என்று உறுதியாகச் சொல்ல அவனால் முடியவில்லை. இந்த இரண்டு முடிவுகளையும் நான் வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறேன். ஒன்றில் அவள் கேட்டு அவன் பேசவில்லை, மற்றதில் அவள் கேட்டும் அவனால் போதியதைச் சொல்ல முடியவில்லை. ஒருவர் மற்றவரின் மிக மோசமான இரகசியத்தைத் தெரிந்துகொண்டு அதே கடைத்தெருவில் தினமும் எதிர்ப்படுகிறார்கள். காதலுக்கு இதைவிடக் கனமான நிலம் வேண்டாம்.

இடையில் ஓடோவின் ஒருதலை அன்பும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு சின்னப் பொருள் சாட்சி: இடுப்புப் பட்டி. ஓடோவின் உடையே அவன் உடல்தான், அதற்குப் பட்டி தேவையில்லை. அது அழகாக இருக்கிறது என்று கீரா ஒருமுறை சொன்னதற்காக அணிந்துகொண்டிருந்தான். நான்காவது சீசனில் அவளும் ஷகாரும் நெருங்குவதைப் பார்த்த பிறகு பட்டியைக் காணவில்லை. எங்கே என்று கேட்கிறாள். தேவைப்படவில்லை என்கிறான். அத்தனை பேச்சுத் தெரிந்த எழுத்தாளர்கள் இந்த இடத்தில் ஒரு பட்டியோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் கவனியுங்கள், இந்தக் கதை முழுவதும் ஓடோவின் வலியைப் பற்றியது. கீரா அதில் பார்க்கப்படுகிறவள். நீலம் எட்டிப்பார்ப்பது இங்கிருந்துதான்.

ஐந்தாவது சீசனின் இறுதிக்குக் கிட்ட அது பெருகுகிறது. ஒரு கிரகத்தில் கால விபத்தால் உண்டான, 8,000 பேர் வாழும் ஊர் ஒன்றை நம்மவர்கள் காண்கிறார்கள். இவர்களுடைய கப்பல் காலத்தில் 200 ஆண்டுகள் பின்னே போய் அங்கே விழுந்து நொறுங்க, இவர்கள் அங்கேயே வாழ்ந்து, இவர்களுடைய வழித்தோன்றல்கள் கட்டிய ஊர் அது. அந்த விபத்து நடக்க வேண்டும், நடந்தால் கீரா சாவாள். அவள் சாகத் தயாராகிறாள். அது சிவப்பு, அழுத்தமான சிவப்பு. ஆனால் அங்கே 200 ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட முதிய ஓடோ, அவளைக் காதலிப்பதனால் இரகசியமாகப் பறக்கும் பாதையை மாற்றிவிடுகிறான். 8,000 பேர் இல்லாமல் போகிறார்கள். அவள் எடுத்த முடிவை அவளுக்காக ஒருவன் அழித்துவிட்டான். இது காதலா, அபகரிப்பா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அவள் திகைக்கிறாள், முகம் சுருங்குகிறது, அத்தியாயம் முடிகிறது. பிறகும் தொடர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அடுத்தது அலுமாரி. இங்கேதான் உங்கள் தோழிகளோடு நான் சேர்ந்துகொள்கிறேன். ஆறாவது சீசனின் தொடக்கத்தில், ஓடோவின் இனம் ஆளும் டொமினியன் என்ற பேரரசின் படை கார்டாசியர்களோடு கூட்டுச் சேர்ந்து நிலையத்தைப் பிடித்துக்கொள்கிறது. கீரா அவர்களோடு ஒத்துழைப்பதாகப் பாவனை செய்து உள்ளேயே இருக்கிறாள். காலையில் எழுவது, உடுப்பது, கடைத்தெருவால் நடப்பது என்று ஒரே காட்சியை மறுபடி மறுபடி காட்டுகிறார்கள். ஒரு பெண் துறவி எதிர்ப்புத் தெரிவித்துக் கடைத்தெருவில் எல்லோர் முன்னாலும் தூக்கில் தொங்கிய பிறகுதான் கீராவுக்கு, தான் யாராக மாறிக்கொண்டிருக்கிறாள் என்று உறைக்கிறது. கண்ணாடியைப் பார்க்கிறாள். இந்தத் தொடரிலேயே எனக்குப் பிடித்த சில நிமிடங்கள் அவை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பார்த்தவர்களுக்கு அந்தக் காலை நடையை விளக்கத் தேவையில்லை. பிறகு அவள் மறுபடி எதிர்ப்பைத் தொடங்குகிறாள். ஒரு நாசவேலைக்கு ஓடோ உதவ வேண்டும். குறித்த நேரத்தில் காவல் கருவிகளைச் சோதனைக்குப் போட்டு எச்சரிக்கை மணி அடிக்காமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கிறான். அந்த நேரத்தில் அவன் தன் இனப் பெண் ஒருத்தியோடு கலந்து, உலகத்தையே மறந்து கிடக்கிறான். நாசவேலைக்குப் போன கூட்டாளி ரொம் பிடிபடுகிறான், மரணதண்டனை விதிக்கப்படுகிறது. கீரா போய்க் கேட்கும்போது ஓடோவின் முகத்தில் இது ஒரு பொருட்டே அல்ல என்ற அமைதி.

இதைவிடப் பெரிய துரோகம் அந்த இருவருக்கிடையில் நடக்க முடியாது. பழைய மூன்று அப்பாவிகளின் கதை மறுபடி நடந்திருக்கிறது, இம்முறை அவள் கண்முன்னே. கடைசி நேரத்தில் ஓடோ அவள் பக்கம் வந்து உதவினான் என்பது உண்மை. ஆனால் கணக்கு இன்னும் தீரவில்லை. தீர்க்கும் பேச்சு எங்கே நடக்கிறது? நிலையத்து அதிகாரியும் கீராவின் தோழியுமான ஜட்ஸியா டாக்ஸ் தன் கலியாணத்துக்கு முன் வைக்கும் கூத்தும் கும்மாளமுமான விருந்தில். இருவரும் கதைக்க வேண்டும் என்று அவளுடைய உடுப்பு அலுமாரிக்குள் போகிறார்கள். கதவு மூடுகிறது. விடியற்காலையில் வெளியே வருகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு சொல்கூட நாங்கள் கேட்கவில்லை.

முதல் தடவை பார்த்தபோது இறுவட்டில் கீறல் விழுந்து ஒரு காட்சி தவறிவிட்டதென்றே நினைத்தேன். துணியால் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். இருந்ததே அவ்வளவுதான். ஏன் காட்டாமல் விட்டார்கள் என்பதற்கு என்னிடம் ஊகம்தான் உண்டு. அந்த அத்தியாயம் டாக்ஸுக்கும் வோர்ஃபுக்கும் நடக்கும் கலியாணத்தைப் பற்றிய நகைச்சுவை, அதற்குள் இவ்வளவு கனமான பேச்சு பொருந்தியிராது. இது மேடையிலும் நடக்கும், எங்கள் நாடகங்களிலும் நான் செய்திருக்கிறேன், கடினமான காட்சியைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவோம். ஆனால் யாருடைய பேச்சு வெட்டப்பட்டது என்று பாருங்கள். கேள்வி கேட்க உரிமை உள்ளவள் கீரா. பொறுப்பதா, விடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவளும் அவள்தான். அந்த முடிவை அவள் எடுத்தாள் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள், எடுப்பதைக் காட்டவில்லை. அவளுக்குக் காதல் வந்ததால் நேர்ந்த குறை அல்ல இது. காதலுக்கு வழி விடுவதற்காக அவளுடைய கோபத்தை ஓர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். உங்களுக்கு அவள் சிரிப்பு ஏன் உறுத்துகிறது என்றால், அந்தச் சிரிப்புக்கு அவள் வந்துசேர்ந்த வழி உங்களுக்கு மறைக்கப்பட்டிருக்கிறது.

அதே சீசனின் பின்பாதியில் காதல் வெளிப்படுகிறது. விக் ஃபொன்டெய்ன் என்ற ஒளிப்பிம்பப் பாடகன் ஓடோவுக்குப் பெண்களோடு பழகக் கற்றுக்கொடுக்கிறான். பயிற்சிக்காகக் கீராவின் சாயலில் ஒரு பாடகியை உருவாக்குகிறான். ஆகவே கீராவின் காதல் தொடங்கும் கதையில் கணிசமான நேரம் மேடையில் இருப்பது கீராவின் நகல். உண்மையான கீரா பாதி நேரம் பேஜோருக்குப் போயிருக்கிறாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது, நானா விசிட்டருக்கு அந்தச் சேட்டை பிடித்திருந்ததும் முகத்தில் தெரிகிறது. இருந்தாலும் என் பென்சில் நீலத்தைத்தான் எடுக்கிறது. ஒரே ஒரு விதிவிலக்கு கடைசிக் காட்சி. கடைத்தெரு நடுவில், ஊரே பார்க்க, இருவரும் குரலை உயர்த்திச் சண்டை போட்டுக்கொண்டே போய் முத்தத்தில் முடிக்கிறார்கள். அங்கே அவள் பழைய கீரா. அந்தச் சண்டையை இன்னும் அரைமணி நேரம் போட்டிருக்கலாம் என்பதுதான் என் குறை.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். "மழுங்கிவிட்டாள்" என்பவர்கள் ஏழாவது சீசனை அவசரமாகப் பார்த்திருக்கிறார்கள். லாஸ் என்ற இன்னொரு உருமாறி வருகிறான், மனிதர்களோடு ஏன் இருக்கிறாய் என்று ஓடோவை அசைக்கிறான், ஒரு கொலையில் சிக்கிச் சிறைப்படுகிறான். ஓடோ போக விரும்புகிறான் என்று கண்ட கீரா தானே லாஸைத் தப்பவிட்டு, அவன் காத்திருக்கும் இடத்தையும் ஓடோவிடம் சொல்கிறாள். தனக்கு இழப்பு என்று தெரிந்தே கதவைத் திறந்துவிடுகிறாள். தேர்ந்தெடுப்பது அவன் வேலை, வாய்ப்புக் கொடுப்பது அவள் முடிவு. ஓடோ திரும்பி வருகிறான். ஐந்தாவது சீசனில் அவளுடைய முடிவைத் தட்டிப்பறித்த காதலுக்கு எழுத்தாளர்கள் கொடுத்த பதிலாக நான் இதைப் பார்க்கிறேன். அவர்கள் அப்படி நினைத்து எழுதினார்களா என்பது வேறு, என் கண்ணுக்கு அப்படிப் பொருந்துகிறது.

அதற்குப் பிறகு வருவது இன்னும் கூர்மையானது. டொமினியனை எதிர்த்துக் கார்டாசியர்களே கிளம்பும்போது, அவர்களுக்கு மறைந்திருந்து போராடக் கற்றுக்கொடுக்க அனுப்பப்படுபவள் கீரா. வாழ்நாள் முழுவதும் யாரை எதிர்த்தாளோ அவர்களுக்கே ஆசிரியை. அவர்களின் தலைவன் டமாரின் மனைவியையும் பிள்ளையையும் டொமினியன் கொன்றுவிட்ட செய்தி வருகிறது. அப்பாவிகளைக் கொல்ல உத்தரவிடுகிறவர்கள் என்ன மனிதர்கள் என்று அவன் புலம்புகிறான். கீரா அதே கேள்வியை அவனிடமே திருப்பிக் கேட்கிறாள். அந்த இடம் முழுவதும் பேச்சற்றுப் போகிறது. கேட்ட மறுகணமே அவள் வருந்துகிறாள், ஆனால் கேட்டது கேட்டதுதான். காதல் வந்து ஓர் ஆண்டுக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்கிற பெண்ணை எந்த அகராதியில் "அடங்கிவிட்டாள்" என்பது? அதே கதையில் ஓடோ நோயில் உருக்குலைந்துகொண்டிருக்கிறான், அவளிடம் மறைக்கிறான். அவளுக்குத் தெரியும். தெரியாதவள் போல நடிக்கிறாள், அவன் தன்மானத்தோடு இருக்கட்டும் என்று. வசனமே இல்லாத நடிப்பு, அதற்கும் சிவப்புக் கோடுதான் போட்டேன். கடைசியில் அவளே அவனை, அவனுடைய இனம் திரவமாக ஒன்றுகலந்து கிடக்கும் கடலருகே கொண்டுபோய் விடுகிறாள், நிலையத்தின் பொறுப்பைத் தனியாக ஏற்கிறாள்.

ஒப்பிட்டால் இன்னும் தெளியும். ஸ்டார் ட்ரெக் வரிசையின் இன்னொரு தொடரான 'வொயேஜர்' இல் செவன் ஆஃப் நைன் என்ற பெண்ணுக்கும் சக்கோட்டேக்கும் 2001இல் கடைசி அத்தியாயங்களில் காதல் வந்தது. அதற்குமுன் அவள் அவனுடைய ஒளிப்பிம்பத்தோடு பழகிப் பார்த்த ஒரு கதை உண்டு. உண்மையான மனிதனோடு சண்டையோ கடனோ எதுவும் இல்லை. தொடர் முடியப்போகிறது, ஒரு சோடி சேர்க்க வேண்டும் என்று சேர்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. 2005இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் பத்மே, போர்க்களம் கண்டவள், மன்றத்தில் பேசியவள், பிள்ளை பெற்றதும் வாழும் விருப்பம் போய்விட்டது என்ற ஒரு மருத்துவக் காரணத்தோடு இறந்துபோகிறாள். உடலில் ஒரு குறையும் இல்லை என்று இயந்திர வைத்தியனே சொல்கிறது. இது நீலத்தின் உச்சம். இவர்களுக்குப் பக்கத்தில் வைத்தால் கீரா பெரும்பகுதி தப்பிவிட்டாள், ஆனால் ஓர் அலுமாரியை எழுத்தாளர்கள் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்று மிஞ்சுகிறது. கீரா ஓடோவை முழுதாக மன்னித்தாளா? தொடரைப் பார்த்து இரண்டு பக்கமும் வாதாடலாம். மன்னிக்காமலே காதலித்தாள் என்றும் ஒரு வாசிப்பு உண்டு, எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும். ஆனால் அது என் விருப்பம், சான்று அல்ல. அதேபோல, ஓர் ஆண் பாத்திரத்துக்கு இப்படிக் காதல் வந்தால் நாங்கள் இவ்வளவு பதறுவோமா என்று உங்கள் தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். பதறமாட்டோம் என்றுதான் நினைக்கிறேன். ஆண் பாத்திரத்தின் சண்டை காதலோடு முடிந்துவிடும் என்று எந்தக் கலியாண மண்டபத்திலும் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு இந்த அலுமாரிக் காட்சியை வகுப்பில் எழுதக் கொடுத்தேன். கதையைச் சொல்லி, முன்னும் பின்னும் உள்ள காட்சிகளை மடிக்கணினியில் காட்டி, உள்ளே நடந்ததை எழுதுங்கள் என்றேன். பையன்கள் பெரும்பாலும் ஓடோவுக்கு இரண்டு பக்க மன்னிப்பு வசனம் எழுதினார்கள். இரண்டு பேர் கீராவை அழ வைத்தார்கள். ஒரு பெண் பிள்ளை அரைப்பக்கம்தான் எழுதியிருந்தாள். அலுமாரிக்குள் டாக்ஸின் உடுப்புகளுக்கு நடுவே இருவரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். "ரொம்மைப் பிடித்தபோது நேரம் என்ன?" என்று கீரா கேட்கிறாள். "தெரியாது" என்கிறான் ஓடோ. "எனக்குத் தெரியும்" என்கிறாள் அவள். அதற்குக் கீழே, நீண்ட நேரம் ஒருவரும் பேசவில்லை என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, கதவை கீரா திறக்கிறாள் என்று முடித்திருந்தாள். அந்தத் தாளில் நான் சிவப்புப் பென்சிலால் மூன்று கோடு போட்டேன்.